Re: பயோடேட்டாவில் முக்காற்புள்ளி நேர்கோட்டில் நிற்கவில்லை

வணக்கம். வேர்டில் "பெயர் :", "தந்தை பெயர் :" என்று ஸ்பேஸ் தட்டித் தட்டி ஒழுங்குபடுத்தினீர்கள், ஃபான்ட் மாற்றியதும் எல்லாம் கலைந்துவிட்டது என்கிறீர்கள். கலையத்தான் செய்யும். 'ர' ஒல்லி, 'ணை' அகலம். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும்போது ஸ்பேஸால் நேராக்கவே முடியாது. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்திப் பாருங்கள், நீங்கள் தட்டிய ஸ்பேஸ் எல்லாம் புள்ளிகளாகத் தெரியும். அவற்றை அழித்துவிடுங்கள்.

எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக், பாராகிராப். 'ஸ்பெஷல்' என்ற இடத்தில் 'ஹேங்கிங்', அளவு 5.5 செ.மீ. அதே பெட்டியின் கீழே 'டேப்ஸ்' பொத்தானை அழுத்தி 5 செ.மீ. கொடுத்து 'செட்', ஓகே. ஸ்கேல் அங்குலத்தில் இருந்தால் செ.மீ.க்கான ஆங்கிலக் குறியையும் சேர்த்துத் தட்டுங்கள், ஏற்றுக்கொள்ளும்.

இனி: பெயர், டேப், முக்காற்புள்ளி, டேப், விவரம். இரண்டாவது டேப் தானாகவே 5.5இல் போய் நிற்கும். அதற்குத் தனியாக எதுவும் வைக்க வேண்டாம்.

முகவரி நீண்டு மடங்கினாலும் விவரத்துக்கு நேர்கீழேதான் விழும். நீங்களே வரி உடைப்பதானால் ஷிஃப்ட்+என்டர். வெறும் என்டர் தட்டினால் இடது ஓரத்துக்கு ஓடிவிடும் (நான் பல வருஷம் செய்த தப்பு).