கைப்பிடி அப்புறம், முதல்ல கீல்

மதுரையில் இருபத்தாறு வருஷமா சமையலறை அலமாரி அடிக்கிறவன் நான். நேத்து கேட்டவங்களுக்கான பதில் இது.

திருநகர்: அண்ணே, எங்க கிச்சன்ல கடப்பா கல் தடுப்பு. கதவு மட்டும் போடணும். ஆட்டோ கீல் ஜீரோ கிராங்கா, பதினாறு கிராங்கானு ஆசாரி கேக்குறார். எதைச் சொல்றது?

கிராங்க்னா கீலோட கையில இருக்கிற வளைவு. கதவு எங்க உக்காருதுன்னு பாருங்க. பக்கப் பலகையை முழுசா மூடினா ஜீரோ. ஒரே நடுப்பலகையை ரெண்டு கதவு பங்கு போட்டா எட்டு. சட்டத்துக்குள்ள இறங்கி அதோட சமமா நின்னா பதினாறு. கல்லுல நேரா திருகு பிடிக்காது, மரச் சட்டம் அடிச்சுத்தான் கதவு மாட்டணும். பெரும்பாலும் கதவு அந்தச் சட்டத்துக்குள்ள இறங்கும், அதனால உங்களுக்குப் பதினாறு. சட்டத்தோட ஆழம் மூணு இஞ்சாவது இருக்கணும். இல்லேன்னா கீலோட பிளேட் உக்கார இடம் கிடைக்காது, ஆசாரி அன்னைக்குத்தான் தலையைச் சொறிவார். கதவு மூணடி உயரம் வரை ரெண்டு கீல் போதும், அதுக்கு மேல மூணு.

மேலூர்: சாஃப்ட் குளோஸ் அவசியமா?

இடிக்காம மெதுவா மூடுற அந்த வசதி எல்லாத்துக்கும் வேணாம் தங்கச்சி. தினமும் இருபது தடவை திறக்கிற கதவுக்கும், பாத்திர டிராயருக்கும் போடுங்க. பரண் கதவுக்குச் சாதாரணக் கீலே போதும், மிச்சக் காசை டிராயர் ஓடுற தண்டவாளத்துல, அதான் சேனல்ல, போடுங்க.

உசிலம்பட்டி: டிராயர் போட்டு ஆறே மாசம், இழுத்தா இடிக்குது. சேனல் மட்டமா?

சேனல் மேல பழி போடாதீங்க, முதல்ல அளந்து பாருங்க. பக்கத்துல மாட்டுற டெலஸ்கோபிக் சேனலுக்கு ஒரு பக்கம் பதிமூணு மில்லி இடைவெளி வேணும். அதாவது டிராயர் பெட்டி திறப்பை விட 26 மில்லி ஒடுக்கமா இருக்கணும். பலபேர் கண்ணளவுல அடிச்சிடுறாங்க. அளவு சரியா இருந்தா திருகு தளர்ந்திருக்கும். ஓட்டையில மரக்குச்சியைப் பசை தடவி அடிச்சு, காயவிட்டு, திரும்ப முடுக்குங்க. மரத்தூளை அழுத்திச் செஞ்ச பார்ட்டிகிள் போர்டா இருந்தா அதுவும் ரொம்ப நாள் நிக்காது.

அவனியாபுரம்: காந்தம் ஒட்டலைன்னா கிச்சன் கூடை 304 கிரேடு ஸ்டீல்தானேண்ணே? கடைக்காரர் ஒட்டிக் காட்டினார்.

202-ங்கிற மட்டமான கிரேடுலயும் பெரும்பாலும் ஒட்டாது. 304-ல நிக்கல் கூட, 202-ல அது குறைச்சு மாங்கனீசு சேர்ப்பாங்க, அதனால துரு சீக்கிரம் பிடிக்கும். காந்தத்தைப் பையிலேயே வைக்கச் சொல்லிட்டு, பில்லுல கிரேடு எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்கினாருன்னா வேற கடை பாருங்க. போர் தண்ணி உப்பா இருந்தா, சிங்குக்குக் கீழே கூடையே வைக்காதீங்க, ஸ்டீல் எதுவானாலும்.

வாடிப்பட்டி: பழைய கைப்பிடியை மாத்தணும். எந்த நீளம் வாங்க?

மொத்த நீளத்தை அளக்காதீங்க. ஒரு ஓட்டை நடுவுல இருந்து அடுத்த ஓட்டை நடு வரை அளங்க. 96, 128, 160 மில்லின்னு வரும். அதே அளவுல வாங்கினா புது ஓட்டை போட வேணாம். முனை நீட்டிக்கிட்டு நிக்கிற நேர்கம்பி மாடல் வேணாம், எங்க வீட்டம்மா முந்தானை அதுல ரெண்டு தடவை மாட்டிக் கிழிஞ்சது. நகாசு வேலை உள்ளதும் வேணாம், புளிக்கையும் எண்ணெய்க்கையும் படுற இடம்.

திருமங்கலம்: கைப்பிடியே இல்லாத கோலா மாடல்?

பார்க்க அழகு. கதவுக்குப் பின்னால விரல் விட்டு இழுக்க இருக்கிற பள்ளத்துல மாவு விழும், வாரம் ஒருதடவை ஈரத்துணி போட்டுத் துடைக்க ஆள் இருந்தா வைங்க.