ஆறு பேர் வேலை பார்க்கும் கடைக்கு கிளவுட் போதுமா, சொந்த சர்வரும் வேண்டுமா?

கேட்டவர் சொல்லும் நிலவரம் இது: புதுச்சேரியில் மொத்த வியாபாரக் கடை, ஆறு பேர், பழைய சர்வர் அடிக்கடி நின்றுபோகிறது, "சர்வரைத் தூக்கிப் போடுங்க, எல்லாத்தையும் கிளவுடுல ஏத்திடலாம்" என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ஒப்புக்கொள்ளலாமா, ஒரே இயந்திரத்தைப் பல கம்ப்யூட்டராகப் பிரிக்கும் விர்ச்சுவலைசேஷன் என்கிறார்களே, அதெல்லாம் நமக்குத் தேவையா என்று கேட்கிறார்.

ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் ஒன்று, விர்ச்சுவலைசேஷன் பெரிய கம்பெனிகளுக்கான சமாசாரம், சின்னக் கடைக்காரர்கள் பேசாமல் கிளவுட் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது. அதைப் படித்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நான் என்ஜினியர் இல்லை, பி.காம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் பம்ப், பைப், ஃபிட்டிங்ஸ் மொத்த வியாபாரம் செய்யும் கடையில் கணக்குப் பார்க்கிறேன், புதுச்சேரியில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. கணக்கு எழுதும் பெண்ணுக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க நாலு பேர் வருவார்கள். வரட்டும், நேரிலேயே கேட்டுப் பழகிவிட்டது.

கொட்டேஷனில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ரேட் இல்லை, அந்த அக்கவுன்ட் யார் பெயரில் திறக்கப்படும் என்பது. எங்கள் கதையைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

கிளை திறந்த புதிதில், அங்கே போடும் பில் இங்கே தெரிய வேண்டும், இங்கிருக்கும் ஸ்டாக் அங்கே தெரிய வேண்டும் என்ற தேவை வந்தது. டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டரை இன்டர்நெட் வழியாக ஷேர் செய்து திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வவுச்சர் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், ஏனென்றால் டேட்டாவே இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. தூரத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் அப்படி இல்லை. டாலி ஓடுவது ஒரே இடத்தில், நமக்கு வருவது திரை மட்டும், சுமாரான இணைப்பிலும் வேலை நடக்கும். கிளவுடில் டாலி என்று விற்பவர்கள் பெரும்பாலும் தருவது இதைத்தான். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஒரு பெரிய இயந்திரம், அதை ஹைப்பர்வைசர் என்கிற சாஃப்ட்வேர் பல விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரித்து வைத்திருக்கிறது, அதில் ஒன்று நமக்கு வாடகைக்கு. 2006-ல் அமேசான் ஈசி2 என்று வாடகைக்கு விட ஆரம்பித்ததும் இதே ஏற்பாடுதான். ஆக, விர்ச்சுவலைசேஷன் உங்களுக்கு வேண்டாம், கிளவுட் எடுங்கள் என்று சொல்பவர் தான் விற்பது என்னவென்று தெரியாமல் பேசுகிறார்.

எங்களுக்கு அதை அமைத்துக் கொடுத்தவர் முதலாளிக்கு வேண்டிய ஒருவர் மூலமாக வந்தவர். கடைசி வரை முதலாளியைப் பார்த்தேதான் பேசினார். அக்கவுன்ட் கடை பெயரிலேயே இருக்கட்டும் தம்பி என்று அன்றைக்கே சொன்னேன். "எங்க ரீசெல்லர் அக்கவுன்ட்ல இருந்தாதான் இந்த ரேட் வரும் மேடம், நீங்க என்ட்ரி மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். முதலாளி ரேட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு முன்பணம் நாம் கொடுத்துவிட்டு வாடகை ஒப்பந்தத்தை புரோக்கர் பெயரில் எழுதிய கதை அது.

புதுப்பிக்கும்போது ரேட்டை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே லாகின் நின்றுபோனது, அதுவும் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) போட வேண்டிய 11-ம் தேதிக்கு முந்தைய வாரத்தில். டேட்டாவைக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றால், பேலன்ஸை செட்டில் செய்துவிட்டுக் கேளுங்கள் என்று பதில். டேட்டா சென்டர் நடத்தும் பெரிய நிறுவனத்தைக் கேட்கலாம் என்றால் அவர்களுக்கு நாங்கள் யாரோ, அவர்களின் வாடிக்கையாளர் இவர்தான்.

எங்களைக் காப்பாற்றியது என்னுடைய ஒரு பழக்கம். ரிமோட் டெஸ்க்டாப்பில் நம் கம்ப்யூட்டரின் டிரைவ் அந்தப் பக்கமும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம், அதன் வழியாகச் சனிக்கிழமைதோறும் டாலி பேக்கப்பை என் மேசைக்கு இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, செய்தது யாருக்கும் தெரியவும் தெரியாது. மீதி நாட்களின் பில்களைக் கார்பன் காப்பி பார்த்து ஏற்றி, ரிட்டர்னைத் தேதிக்குள் போட்டோம். அதன் பிறகு முதலாளி கம்ப்யூட்டர் விஷயம் என்றால் "ஏம்மா, நீயே பேசு" என்று என் பக்கம் திருப்பிவிடுகிறார்.

எல்லா வெண்டரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துபவர்களும் இருக்கிறார்கள், எனக்கே இருவரைத் தெரியும். ஆனால் ஒழுங்கானவர் நாளைக்குக் கடையை மூடினாலும் அக்கவுன்ட் உங்கள் பெயரில் இல்லையென்றால் கதை இதேதான்.

அப்புறம் செகண்ட் ஹேண்டில் ஒரு டவர் சர்வர் வாங்கி, ரேமைக் கூட்டி, இரண்டு எஸ்எஸ்டி போட்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி மிரர் செய்து, மாடி அறையில் வைத்தோம். என் அக்கா மகன் பாலிடெக்னிக் முடித்தவன், அவனும் நானும் உட்கார்ந்து செய்தது. அந்த ஒரே சர்வரைப் பல மெஷினாகப் பிரிக்க முதலில் விஎம்வேர் என்ற சாஃப்ட்வேர் போடலாம் என்றான். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியதும் ஒரே தடவை காசு கட்டி வாங்கும் லைசன்ஸை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சந்தாவாக்கிவிட்டார்கள், வேண்டாம் என்றேன். அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸ் போட்டோம். லினக்ஸில் உள்ள கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் மேல் ஓடுவது, வியன்னாவில் இருக்கும் நிறுவனம் செய்வது, சந்தா கட்டாமலும் பயன்படுத்தலாம்.

அதில் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். ஒன்றில் விண்டோஸ் சர்வர், டாலி. (பத்து பேர் ஒரே விண்டோஸ் 10-ல் ஒரே நேரத்தில் ரிமோட்டில் வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், லைசன்ஸ்படி அது ஒருவருக்குத்தான். பல பேருக்கு விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு ரிமோட் லைசன்ஸும் வாங்க வேண்டும்.) இன்னொன்று ஃபைல்களுக்கு. மூன்றாவதுதான் எனக்குப் பெருமை. முதலாளியின் அப்பா காலத்தில் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ மொழியில் எழுதி வாங்கிய உதிரிபாக ஸ்டாக் புரோகிராம், எந்த பம்புக்கு எந்த புஷ், எந்த இம்பெல்லர் என்பது முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. அது ஓடிக்கொண்டிருந்த 32 பிட் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரோ கடல் காற்றில் துருவேறி, ஃபேன் சத்தம் தெருவுக்குக் கேட்கும். டிஸ்க்2விஹெச்டி என்று மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஒரு கருவி இருக்கிறது, ஓடுகிற கம்ப்யூட்டரை அப்படியே ஒரு ஃபைலாக்கிவிடும். அதை விர்ச்சுவல் மெஷினாக ஏற்றினால் முதலில் நீலத்திரை வந்தது, டிஸ்க் வகையை ஐடிஇ என்ற பழைய வகைக்கு மாற்றியதும் எழுந்துகொண்டது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை 'நெட் யூஸ் எல்பிடி1' கட்டளையால் நெட்வொர்க் பிரிண்டராகக் காட்டினோம், அதுவும் அடிக்கிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் அந்த மெஷினுக்கு இன்டர்நெட் கிடையாது. இதைக் கிளவுடில் செய்து தருகிறேன் என்று உங்களுக்குக் கொட்டேஷன் கொடுத்தவர் சொல்லட்டும் பார்க்கலாம்.

அப்படியென்றால் கிளவுட் வேண்டாமா என்றால், வேண்டும், வேறு வேலைக்கு. நம் ஊரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைப்பவர் 'தானே' என்ற புயலை மறந்தவர். 2011 டிசம்பர் 30 காலையில் அது கரையைக் கடந்த பிறகு கடலூரில் எத்தனையோ பேர் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அதனால் ராத்திரி கடை மூடியதும் எங்கள் பேக்கப் மறையாக்கம் செய்யப்பட்டு மும்பையில் இருக்கும் கிளவுட் ஸ்டோரேஜுக்குப் போகிறது. குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி அதில் உண்டு, டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அந்தப் பிரதி தப்பிக்கும். மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறோமே, பேக்கப் எதற்கு என்று கேட்காதீர்கள், ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில் கிடப்பது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் கிளையில் முழங்கால் தண்ணீர், இரண்டு கம்ப்யூட்டர் போனது, டேட்டா கடலூரில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நிம்மதி நிலைக்கவில்லை. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இந்தப் பக்கத்தை மூழ்கடித்தது, எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, யுபிஎஸ் தீர்ந்தது. வீட்டில் மொபைல் டேட்டாவை வைத்துக்கொண்டு மும்பையில் ஒரு விண்டோஸ் மெஷினை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, பேக்கப்பை அதில் இறக்கினேன். கிளையில் கரண்ட் வந்ததும் ஒரு லேப்டாப்பை வைத்து பில் போட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளம் வடிந்த ஊரில் மோட்டார் பம்புக்கு இருக்கும் கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை. டாலி லைசன்ஸைப் புது மெஷினில் ஆக்டிவேட் செய்ய, பதிவான மெயிலுக்குத்தான் சாவி வரும். அந்த மெயில் கடையுடையது, பழைய வெண்டருடையது இல்லை. கரண்ட் வந்ததும் டேட்டாவை இங்கே திருப்பி இறக்கிவிட்டு அந்த மெஷினை நீக்கினேன்.

நீக்கினேன் என்பதைக் கவனியுங்கள், நிறுத்துவது வேறு. நிறுத்திய மெஷினுக்கும் டிஸ்க் வாடகை ஓடும், பப்ளிக் ஐபி (இன்டர்நெட் முகவரி) பிடித்து வைத்திருந்தால் அதற்கும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் 2024 பிப்ரவரியிலிருந்து ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது, மாதத்துக்கு 3.6 டாலர். மெஷினுக்கும் மணிக்கணக்கில்தான் வாடகை: மாதத்துக்கு 720 மணி நேரம், உங்கள் கடை நாளுக்குப் பத்து மணி வீதம் 26 நாள் திறந்தால் 260 மணிதான். ராத்திரியில் நிறுத்தி வைக்கும் வேலையை வெண்டர் செய்வாரா, செய்தால் மிச்சம் உங்களுக்கா அவருக்கா என்று கேளுங்கள். டேட்டாவை வெளியே இறக்குவதற்கும் தனிக் கட்டணம் உண்டு, கொட்டேஷனில் அந்த வரி பெரும்பாலும் இருக்காது.

புதுச்சேரி என்றதும் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. கடலூருக்கும் அதற்கும் 20 சொச்சம் கிலோமீட்டர், ஆனால் ஜிஎஸ்டி எண்ணில் மாநிலக் குறியீடு இங்கே 33, அங்கே 34. எங்கள் குடோனிலிருந்து எங்கள் கிளைக்கே நாலு மோட்டார் அனுப்பினால் மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி போட்டு இன்வாய்ஸ், 50,000-ஐத் தாண்டினால் இ-வே பில். அதே மோட்டாரை 200 கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டுக்குள் அனுப்பினால் ஒரு லட்சம் வரை இ-வே பில் வேண்டாம். சட்டம் என்றால் சட்டம், சரி. ஆனால் இதையெல்லாம் தெரியாமல் "ஒரே கம்பெனியா டாலில வெச்சுடலாம் மேடம்" என்று சொல்கிற சாஃப்ட்வேர் ஆட்களிடம் விளக்கி விளக்கி என் தொண்டை போனதுதான் மிச்சம். உங்களுக்கும் கடலூர்ப் பக்கம் கிளை இருந்தால் இரண்டு ஜிஎஸ்டி எண்ணுக்கும் கணக்கைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டு அப்புறம் சர்வரைப் பற்றி யோசியுங்கள்.

பெரிய டேட்டா சென்டரில் இருந்தால் பேக்கப் எதற்கு என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: 2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தே போனது, வேறு இடத்தில் பிரதி வைக்காதவர்களின் டேட்டாவும் சேர்ந்து போனது. உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்றும் உண்டு. கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022-ல் கம்பெனி விதியைத் திருத்தியிருக்கிறார்கள். தனிநபர் கடைக்கு அந்த விதி இல்லை, ஆனால் ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் எல்லோரும் வைத்திருக்கத்தான் வேண்டும்.

உங்கள் கடையில் பழைய புரோகிராம் எதுவும் இல்லை, டாலியும் மெயிலும் மட்டும்தான், பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை என்றால் கிளவுடுக்கே போங்கள், சொந்த சர்வர் உங்களுக்குத் தலைவலி. அக்கவுன்ட் கடையின் மெயிலில், கடையின் கார்டில் திறந்திருக்கட்டும், வெண்டருக்கு வேலை செய்யும் அளவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை, அதாவது அதற்குள் நுழையும் வாசலை, இன்டர்நெட்டில் திறந்து வைக்கிறாரா, வி.பி.என். என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியாகத் தருகிறாரா என்று கேளுங்கள், திறந்து வைப்பேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வாரம் ஒரு பேக்கப் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கொட்டேஷனைப் பெயர் மறைத்துக் கமென்டில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன். மார்ச் மாதம் மட்டும் கேட்காதீர்கள்.