பிரெஞ்சு–ஜேர்மன் பிரிகேட்டில் சேர நினைக்கும் மகனின் அம்மாவுக்கு

அன்புள்ள அக்கா,

மகன் "ஆமியில சேரப் போறன்" என்று சொன்ன நாளிலிருந்து உங்களுக்குச் சரியான நித்திரை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 1995இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து மழைக்குள் நடந்து வெளியேறியவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் மகனுடைய மனதை மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். அதை நான் செய்ய மாட்டேன். அவர் சேர நினைக்கும் இடம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன், மிச்சத்தை நீங்கள் இருவரும் கதையுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். அது தம்பிக்கும், அதாவது உங்கள் மகனுக்கும், இருக்கிறது. பிரெஞ்சு–ஜேர்மன் பிரிகேட் என்பது இரண்டு நாட்டு இராணுவங்களும் ஆள் கொடுத்து நடத்தும் கூட்டுப் படை, அது தானாக யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை. அங்கே சேருபவர் ஜேர்மன் இராணுவத்திலோ பிரெஞ்சு இராணுவத்திலோ ஏற்கெனவே இருப்பவர். சம்பளம், ஒப்பந்தம், தண்டனை, ஓய்வூதியம் எல்லாம் அவரவர் நாட்டுச் சட்டப்படிதான். அதனால் முதல் கேள்வி கடவுச்சீட்டு. ஜேர்மன் குடியுரிமை இல்லாமல் இங்கே படைவீரராக முடியாது. அவருக்கு அது இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

பிரிகேட் தொடங்கியது 1989இல். ஜேர்மன் சான்சலர் கோலும் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரானும் அதற்கு இரண்டு வருடம் முன்பே முடிவெடுத்தது. தலைமையகம் பிரைபூர்க் பக்கத்தில் முல்ஹைமில் இருக்கிறது. தளபதி ஒரு முறை ஜேர்மன்காரர் என்றால் அடுத்த முறை பிரெஞ்சுக்காரர். துணைத்தளபதி மற்ற நாட்டவர். சுமார் 5,000 பேர். 'கலப்புப் படை' என்று கேட்டதும் ஒரே அறையில் இரண்டு நாட்டுப் பெடியன்கள் சேர்ந்து தூங்கி எழும்புவதாகத்தான் தம்பி நினைத்திருக்கிறார். பெரும்பாலும் அப்படி இல்லை. ஜேர்மனியின் டொனாஎஷிங்கனில் இருப்பது ஜேர்மன் பட்டாலியன். பிரான்சின் மெஸ்ஸிலும் சார்பூரிலும் இருப்பவை பிரெஞ்சு ரெஜிமென்ட்கள். ஸ்ட்ராஸ்பூர்க் அருகே இல்கிர்ஷில் 2010 முதல் ஒரு ஜேர்மன் பட்டாலியன் நிற்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரான்ஸ் மண்ணில் நிலையாகத் தங்கிய முதல் ஜேர்மன் போர்ப்பிரிவு அதுதான். ஆனால் அதுவும் ஜேர்மன் பட்டாலியன்தான்.

உண்மையிலேயே இரண்டு நாட்டவரும் தோளோடு தோள் வேலை செய்வது தலைமையகத்திலும் முல்ஹைமில் உள்ள வழங்கல் பட்டாலியனிலும்தான். வழங்கல் என்றால் லொறி ஓட்டுவது, வாகனம் திருத்துவது, எரிபொருள், உதிரிப்பாகம், சாப்பாடு. ஆட்சேர்ப்புக் காணொளிகளில் இதை யாரும் காட்டுவதில்லை. தம்பியின் ஆசை இரண்டு மொழியில் வாழ்வது என்றால் அவர் கேட்க வேண்டிய இடம் இதுதான். வெளியே வந்த பிறகும் ரைன் நதியின் இரண்டு கரையிலும் இந்தத் தொழிலுக்கு ஆள் தேவை. அவருடைய பிரெஞ்சு எந்த அளவில் இருக்கிறது? பள்ளிக்கூடப் பிரெஞ்சு மட்டும் போதாது.

அப்புறம் 'விரைவுப் படை', அதாவது அவசரத்துக்கு உடனே அனுப்பும் படை, என்ற பேச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் சுமார் 1,500 பேர் கொண்ட போர்க்குழுக்களை முறை வைத்துத் தயார்நிலையில் வைத்திருக்கிறது. முடிவெடுத்துப் பத்து நாளுக்குள் களத்தில் இறங்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு தடவைகூட இறக்கவில்லை. எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும், செலவில் பெரும்பங்கு ஆள் அனுப்பும் நாட்டின் தலையில் விழும், பிறகு யார் முன்வருவார்கள்? 2022இல் 5,000 பேர் வரை அனுப்பக்கூடிய புதிய ஏற்பாட்டுக்கு முடிவெடுத்தார்கள். கூட்டுக்குடும்பத்தில் வேலி போடும் செலவு மாதிரிதான் இதுவும்: எல்லோருக்கும் வேலி வேண்டும், காசு போட ஆள் இல்லை.

இதை வைத்து "ஆபத்தே இல்லை" என்று நான் சொல்ல வரவில்லை. பிரிகேட்டின் ஆட்கள் பொஸ்னியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் மாலிக்கும் போயிருக்கிறார்கள். மாலியில் நடந்ததைக் கவனியுங்கள். ஒரே பிரிகேட்டின் பிரெஞ்சு வீரர்கள் தங்கள் நாட்டின் சண்டை நடவடிக்கையில் இருந்தார்கள். ஜேர்மன் வீரர்கள் ஐ.நா. பணியிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பயிற்சிப் பணியிலும் இருந்தார்கள். பிரான்சில் ஜனாதிபதி முடிவெடுத்து அனுப்பலாம், பணி நான்கு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாடாளுமன்றத்தின் அனுமதி தேவை. ஜேர்மனியில் ஆயுதம் ஏந்தி வெளிநாடு போவதற்கு முன்பே நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும். அதனால் எந்த நாட்டுச் சீருடை என்பது சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் கனத்தது ஒரு வரி: "சனத்தைச் சுடச் சொன்னால் என்ட பிள்ளை என்ன செய்வான்?" ஹிட்லர் காலத்துக்குப் பிறகு ஜேர்மனிக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அதனால்தான் 'சீருடை அணிந்த குடிமகன்' என்ற கொள்கையில் 1950களில் இந்த இராணுவத்தைக் கட்டினார்கள். குற்றமாகும் கட்டளைக்குப் படைவீரர் கீழ்ப்படியக் கூடாது என்று இங்கே சட்டமே சொல்கிறது. நாடாளுமன்றம் நியமிக்கும் ஆணையர் ஒருவர் இருக்கிறார். மேலதிகாரியைக் கேட்காமல் எந்தச் சிப்பாயும் அவருக்கு நேரடியாக முறையிடலாம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஊரில் நாங்கள் கண்ட ஆமியில் முறையிட ஒரு கதவுகூட இருக்கவில்லை.

சரி, கையெழுத்து விஷயம். 18 ஆகும் வரை பெற்றோரின் சம்மதம் இல்லாமல் சேர முடியாது. 17 வயதில் சேர்ந்தாலும் 18 ஆகும் வரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப மாட்டார்கள். சேர்ந்து முதல் ஆறு மாதத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் விலகலாம். அதிகாரியாகப் போனால் ஹம்பூர்க்கிலோ மியூனிக்கிலோ இராணுவத்தின் பல்கலைக்கழகத்தில் சம்பளத்துடன் படிக்கலாம், ஆனால் வழக்கமாக 13 வருடம் கட்டுப்பட வேண்டும். 17 வயதில் 13 வருடம் என்பது எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. முல்ஹைம்தான் வேண்டும் என்று கேட்டுச் சேர்ந்தாலும் பிறகு வட ஜேர்மனிக்கு மாற்றிவிடலாம். ஆட்சேர்ப்பு ஆலோசகர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அபிட்டூர் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை முடியட்டும். அதற்குள் பிரெஞ்சில் தாராளமாகப் பேசும் அளவான பி2 நிலைச் சான்றிதழ் ஒன்று எடுக்கட்டும். அவசரப்பட ஒன்றுமில்லை. அடுத்த முறை வரும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடவுச்சீட்டும் கடைசிப் பள்ளிக்கூட ரிப்போர்ட்டும் மறக்க வேண்டாம்.