போடிமெட்டு ஏறும்போது எந்த மோடு? ஷாக்கை இளக்குங்கள், கியரைக் கையில் எடுங்கள்

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் தோட்டம் இருக்கிறது. ரொம்ப நாள் ஆசைப்பட்டு பிஎம்டபிள்யூ எம்2 கார் வாங்கியிருக்கிறேன், ஆட்டோமேட்டிக். எல்லாவற்றையும் ஸ்போர்ட் ப்ளஸ்ஸில் போட்டு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறினால் வண்டி துள்ளுகிறது, வளைவில் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கம்ஃபர்ட்டில் விட்டால் இவ்வளவு பணம் போட்டது எதற்கு என்று தோன்றுகிறது. ஸ்டியரிங்கில் இருக்கும் எம்1, எம்2 பட்டன்களில் எதைச் சேமித்து வைக்கலாம்? வண்டி வழுக்காமல் காக்கும் டிஎஸ்சியை அணைத்தால்தான் வண்டியின் அருமை தெரியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அணைக்கலாமா? அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து வந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். அதற்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்: முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். மலைப்பாதையில் காய்ந்த சாலைக்கு இன்ஜின் ஸ்போர்ட், சஸ்பென்ஷன் கம்ஃபர்ட், ஸ்டியரிங் கம்ஃபர்ட், பிரேக் கம்ஃபர்ட், டிஎஸ்சி முழுதாக ஆன். இதை எம்1 பட்டனில் சேமியுங்கள். மழைக்கும் மூடுபனிக்கும் இன்ஜினை எஃபிஷியன்ட்டுக்கு இறக்கி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, எம்2 பட்டனில் சேமியுங்கள். டிஎஸ்சியை அணைக்க வேண்டாம், ஒரு வளைவுக்குக்கூட.

நீங்கள் இரண்டு எல்லைகளுக்குப் போய்விட்டீர்கள். எல்லாம் உச்சம், இல்லையென்றால் எல்லாம் அடக்கம். உங்கள் வண்டியில் இன்ஜின், ஷாக், ஸ்டியரிங், பிரேக், கியர் ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு கொடுத்திருப்பதே அவற்றைக் கலந்து வைத்துக்கொள்ளத்தான். ஸ்போர்ட் ப்ளஸ் போட்டால் குதிரைத்திறன் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடாது. 2024-ல் புதுப்பித்த எம்2-வில் எந்த மோடில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தாலும் அதே 480 குதிரைத்திறன்தான். பெடல் இப்போது ஒரு சென்சார் மட்டுமே, அதிலிருந்து இன்ஜினுக்கு கேபிள் எதுவும் போவதில்லை. பெடலைக் கால்வாசி அழுத்தினால் எவ்வளவு விசை தர வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. மோடை மாற்றும்போது மாறுவது அந்தக் கணக்குதான். ஸ்போர்ட் ப்ளஸ்ஸில் கொஞ்சம் மிதித்தாலே நிறையக் கிடைக்கும். தட்டையான பந்தயத் தளத்தில் அது வசதி. குண்டும் குழியுமான வளைவில் உடம்பு குலுங்கும்போது காலும் குலுங்கும், அந்தக் குலுக்கமெல்லாம் அப்படியே பின்சக்கரத்துக்குப் போகும். வண்டி திக்கித் திக்கிப் பாய்வதற்கு அதுதான் காரணம். ஸ்போர்ட் இதற்கு நடுவில் நிற்கிறது. வளைவை விட்டு வெளியே வரும்போது கேட்ட விசை உடனே வரும், கேட்காதது வராது.

உங்கள் வண்டி துள்ளுவதற்குப் பெரிய காரணம் ஷாக். சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி விரிகிறது, அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உங்கள் வண்டியில் ஷாக்குக்குள் எண்ணெய் ஓடும் வழியை மின்சார வால்வு திறந்தும் குறுக்கியும் கொடுக்கிறது. ஸ்போர்ட் ப்ளஸ்ஸில் அந்த வழி குறுகும், சக்கரம் மேலும் கீழும் அசைவது கடினமாகும். ரோடு கண்ணாடி மாதிரி இருந்தால் வண்டி சாயாமல் திரும்பும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. உள்விளிம்பில் லோடு லாரிகள் திரும்பித் திரும்பித் தார் சுருண்டு அலை அலையாகக் கிடக்கும். இறுக்கமான ஷாக்கோடு அதில் போனால் சக்கரம் அலையின் உச்சியைத் தொட்டுவிட்டு, பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன்பே அடுத்த அலைக்குத் தாவிவிடும். அந்தக் கண இடைவெளியில் டயருக்கும் ரோட்டுக்கும் சரியான தொடர்பு இல்லை. தொடர்பு இல்லாத டயருக்குப் பிடிமானமும் இல்லை. உங்களுக்கு வந்த பயம் நியாயமானது, வண்டியே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இளகிய ஷாக் பள்ளத்தைப் பின்தொடர்ந்து போகும். ஆகவே கரடுமுரடான ரோட்டில் கம்ஃபர்ட்தான் அதிகப் பிடிமானம் தரும் அமைப்பு. சொகுசுக்காக மட்டும் வைத்தது என்று அதை ஒதுக்காதீர்கள்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. ஃபெராரி 2004-ல் எஃப்430 காரில் ஸ்டியரிங்கிலேயே மோடு திருகும் குமிழைக் கொண்டுவந்தது. 2007-ல் 430 ஸ்கூடேரியா வந்தபோது, மோடு எதுவாக இருந்தாலும் ஷாக்கை மட்டும் இளக்கிக்கொள்ள ஒரு தனிப் பட்டன் சேர்ந்தது. அந்தக் காரை உருவாக்கும் பணியில் மைக்கேல் ஷூமாக்கரும் பங்கெடுத்தார். பிறகு வந்த ஃபெராரிகளிலும் அந்தப் பட்டன் தொடர்கிறது. பந்தயத்துக்கென்றே பிறந்த நிறுவனமே இன்ஜினை உச்சத்தில் வைத்துக்கொண்டு ஷாக்கை இளக்க வழி செய்திருக்கிறது என்றால், மலையடிவாரத்து முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் நாம் தயங்க வேண்டியதில்லை.

ஸ்டியரிங் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. ஸ்போர்ட் போட்டால் கையில் கனமாக இருக்கும், அவ்வளவுதான். டயரின் பிடிமானம் மாறாது, ரோட்டைப் பற்றிக் கூடுதலாக எதுவும் கைக்குத் தெரியவும் வராது. கொண்டை ஊசி வளைவில் வளையத்தை நிறையச் சுற்ற வேண்டியிருக்கும், லேசாக இருப்பதே நல்லது. பிரேக் அமைப்பும் அப்படித்தான். பெடலின் கடிப்பு மாறுகிறதே தவிர வண்டி நிற்கும் தூரம் குறையாது. உங்கள் காலுக்கு எது பழகியதோ அதை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

மலையில் உண்மையான வித்தியாசம் கியரில்தான் இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. கியர் தானாக மாறும் டி-யில் விட்டுவிட்டு ஏறினால், வளைவுக்கு முன் காலை எடுத்தவுடன் கியர் மேலே போய்விடும். பாதி வளைவில் விசை தேவைப்படும்போது இரண்டு கியர் இறங்கி, சட்டென்று ஒரு தள்ளு வரும். பின்சக்கரத்தில் ஓடும் வண்டி, சக்கரம் திரும்பியிருக்கும் நேரத்தில் அந்தத் தள்ளு வேண்டவே வேண்டாம். லீவரைத் தட்டி மேனுவலுக்கு வாருங்கள். கொண்டை ஊசிக்கு முன், நேராக இருக்கும்போதே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இடப்பக்கத் துடுப்பை இழுத்து இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். இன்ஜின் 3,000 சுற்றுக்கு மேல் இருந்தால் டர்போவுக்காகக் காத்திருக்க வேண்டாம், பெடலை மெதுவாகத் திறந்தாலே வண்டி அமைதியாக இழுத்து வெளியே வரும். கியர் எவ்வளவு வேகமாக மாற வேண்டும் என்பதை அமைக்க, கியர் லீவரில் இருக்கும் டிரைவ்லாஜிக் பட்டனில் நடுப் படி போதும். மூன்றாம் படியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு இடி விழும், அது பந்தயத் தளத்துக்கான வேகம்.

இறங்கும்போது கியர் இன்னும் முக்கியம். 1,700 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி மெட்டிலிருந்து முந்தல் வரை இறங்குகிறது. டி-யில் விட்டு பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் டிஸ்க்கும் பேடும் கொதித்துப் போகும். பாதி மலையில் கருகல் வாடை வந்தால் அது எச்சரிக்கை. அதற்கு அடுத்து பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போக ஆரம்பிக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது 480 குதிரைத்திறனுக்கும் பொருந்தும். இரண்டு அல்லது மூன்றாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாகப் போட்டு, முழுதாக விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில்தான் அது ஆறும். மலைப்பாதையில் மேலேறும் வண்டிக்கு முதலிடம் என்பது சட்டம். எதிரே லோடு லாரியோ, தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்போ வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியவர் நீங்கள்தான்.

டிஎஸ்சிக்கு வருகிறேன். வண்டி வழுக்க ஆரம்பிக்கும்போது எந்தச் சக்கரத்துக்கு பிரேக் போட வேண்டும், இன்ஜினை எவ்வளவு அடக்க வேண்டும் என்று பார்த்துச் செய்வது அது. ஒரே நேரத்தில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட மனிதக் காலால் முடியாது, எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும். எம்டிஎம் என்ற நடு நிலை வண்டியைக் கொஞ்சம் வழுக்க விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கும். அந்தக் 'கொஞ்சம்' பந்தயத் தளத்தில் ஓரத்துப் புல்லில் முடியும். நம் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோலில் பத்துப் படி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது டிஎஸ்சியை அணைத்த பிறகு வேலை செய்வது, ஆகவே அதுவும் இங்கே வேண்டாம். ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்தால் கோவை பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளம் இருக்கிறது. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, அங்கே போய் அணைத்துப் பாருங்கள். நண்பர்கள் சொன்ன அருமையை அங்கே பத்திரமாக அனுபவிக்கலாம்.

உங்கள் பாதையில் இன்னொரு தனித்தன்மை உண்டு, அதற்காகத்தான் எம்2 பட்டனை மழைக்கு ஒதுக்கச் சொன்னேன். ஆடி மாதத்தில் போடியில் புழுதிக் காற்று அடிக்கும், ரோடு காய்ந்து கிடக்கும். மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் சாரல், மூடுபனி. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்தில் கொட்டிவிட, நம் பக்கம் மழை மறைவில் இருக்கிறது. ஒரே பயணத்தில், சில நிமிட இடைவெளியில், இரண்டு வேறு ரோடுகள். செக்போஸ்ட்டில் வண்டி எப்படியும் மெதுவாகும். அங்கேயே எம்2 பட்டனை அழுத்திவிடுங்கள், கைக்குப் பழக்கமாகிவிடும். எஃபிஷியன்ட்டில் ஆக்ஸிலேட்டர் மந்தமாக இருக்கும். ஈர ரோட்டில், 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் வண்டியில், அந்த மந்தம் பாதுகாப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறும். மழை நம் பக்கம் வரும், வளைவுகளில் செம்மண்ணும் சிறு கல்லும் வழிந்து கிடக்கும். அப்போது முந்தலிலேயே எம்2 பட்டன்.

எந்த மோடும் தேய்ந்த டயரைச் சரிசெய்யாது. உங்கள் பின் டயர் 285 மில்லிமீட்டர் அகலம். அகலமான டயருக்குக் கீழே தண்ணீர் வெளியேறப் பாதை வேண்டும், அதைத் தருவது பள்ளக்கோடுகள். சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும். கேரளப் பக்கம் மழையில் ஓட்டுகிறவருக்கு நான் 3 மில்லிமீட்டரில் மாற்றச் சொல்வேன். காற்றை வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பாருங்கள்.

சைலன்சர் சத்தத்துக்குத் தனிப் பட்டன் இருக்கிறது. இன்ஜின் ஸ்போர்ட்டில் இருந்தாலும் அதை அடக்கலாம். பூப்பாறை, ஆனையிறங்கல், சின்னக்கானல் வட்டாரம் முழுக்க யானை நடமாட்டம். 2023-ல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்தது அந்தச் சின்னக்கானலில்தான். அந்திக்குப் பிறகு அந்தப் பகுதியில் சத்தத்தை அடக்கி, ஹெட்லைட்டை இறக்கி, மெதுவாகப் போங்கள்.

போர்ஷே வைத்திருப்பவர்களும் மெர்சிடிஸ் ஏஎம்ஜி வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். இரண்டிலும் இண்டிவிஜுவல் என்ற மோடு இருக்கிறது, மேலே சொன்ன கலவையை அதில் வைக்கலாம். பல மாடல்களில் ஷாக்குக்கு மட்டும் தனிப் பட்டனும் உண்டு. ஸ்போர்ட்டுக்குப் போய்விட்டு அதை ஒருமுறை அழுத்தினால் போதும்.

அம்மாவின் தலைசுற்றலுக்கு மோடு பாதி மருந்துதான். கண் பார்ப்பதும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்வதும் ஒத்துப் போகாதபோது குமட்டல் வருகிறது. உங்கள் வண்டியின் பின் சீட்டில் கண்ணாடி சின்னது, முன் சீட்டு ரோட்டை மறைக்கிறது, உடம்பு திரும்புவது தெரிகிறதே தவிர வளைவு கண்ணில் படுவதில்லை. அவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். கழுத்தைச் சீட்டில் சாய்த்து, தூரத்து வளைவைப் பார்த்துக்கொண்டு வரட்டும். இன்ஜினை எஃபிஷியன்ட்டிலும் டிரைவ்லாஜிக்கை முதல் படியிலும் வையுங்கள். பிரேக்கைச் சீக்கிரமே தொடங்கி மெல்லப் போட்டு, வண்டி நிற்கும் தறுவாயில் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டேஷ்போர்டில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து, அது உருளாத அளவுக்குத் தனியாக ஒரு தடவை ஏறிப் பழகிவிட்டுப் பிறகு அம்மாவை அழைத்துப் போங்கள்.

அமைப்புகளை மாற்றும்போது ஒன்றொன்றாக மாற்றுங்கள். இந்த வாரம் ஷாக்கை மட்டும், அடுத்த வாரம் இன்ஜினை மட்டும், அதே பாதையில், அதே வேகத்தில். அப்போதுதான் எது என்ன செய்தது என்று தெரியும். தோட்டத்துக்குள் போகும் மண் ரோட்டுக்கு எந்த மோடும் உதவாது, இந்த வண்டி தாழ்வானது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு அங்கிருந்து ஜீப்பில் போங்கள்.