ஒரு பெட்டிக்குள் எத்தனை மணித்தியாலம்?

(வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் கையால் செய்த வீட்டுச் சாமான்களைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும், இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். சில கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

சுவிஸில் இருக்கும் மகள் அனுப்பிய பார்சலில் ஒரு புல்லுக் கூடை வந்தது. கானா நாட்டில் செய்தது, 'நியாய வர்த்தகம்' என்று ஒரு அட்டையும் தொங்குகிறது. வந்த வழியில் அமுங்கித் தட்டையாகிவிட்டது. நம்முடைய சந்தையிலேயே நல்ல கூடை கிடைக்கும்போது அவள் ஏன் இவ்வளவு காசு கொடுத்து வாங்கினாள் என்று விளங்கவில்லை. — வாசகி, ஆரையம்பதி

முதலில் கூடையைக் காப்பாற்றுவோம் அம்மா. ஒரு பெரிய பேசினில் தண்ணீர் எடுத்து, தோல் சுற்றிய கைப்பிடி நனையாமல் கூடையை மட்டும் முக்கி எடுங்கள். புல் இளகியதும் கையால் நிமிர்த்தி, உள்ளே ஒரு பானையையோ பழைய துணியையோ வைத்து நிழலில் காயவிட்டால் பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

அது வட கானாவில் பொல்கட்டங்கா என்ற ஊர்ப் பக்கத்துக் கூடையாக இருக்கவேண்டும். அங்கே புல்லை அப்படியே எடுத்துப் பின்னிவிடுவதில்லை. ஒவ்வொரு புல்லையும் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, முறுக்கி, கொதிநீரில் சாயம் ஏற்றி, பிறகுதான் பின்னத் தொடங்குகிறார்கள். இப்போது அந்தப் புல்லும் பெரும்பாலும் தெற்கே அசாந்தி பகுதியிலிருந்துதான் வருகிறது, அதற்கும் காசு, அதை ஏற்றிவரவும் காசு.

சரி, அந்த அட்டைக்கு வருவோம். நியாய வர்த்தகம் என்றால், செய்தவரின் உழைப்புக்கு ஏற்ற விலை அவர் கைக்குப் போய்ச் சேரும்படி வாங்கி விற்பது. 1946இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனபோது, அங்கே ஏழைப் பெண்கள் செய்த பூவேலைத் துணிகளைப் பார்த்தார். அவற்றை வாங்கிக்கொண்டு போய்த் தன் ஊரில் தெரிந்தவர்களுக்கு விற்று, காசை அந்தப் பெண்களுக்கே அனுப்பினார். அதுதான் வளர்ந்து பிறகு 'டென் தௌசண்ட் வில்லேஜஸ்' என்ற பெயரில் கடைகளானது. 1989இல் இப்படிப்பட்ட பல அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய சங்கத்துக்கு இப்போது 'உலக நியாய வர்த்தக அமைப்பு' என்று பெயர். அவர்களுக்குப் பத்துக் கோட்பாடுகள் இருக்கின்றன: நியாயமான விலை, பிள்ளைகளை வேலைக்கு வைக்காமை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, சூழலைக் கெடுக்காமை என்று போகும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தேயிலை, கோப்பி, வாழைப்பழம் போன்றவற்றில் பச்சையும் நீலமுமாக ஒரு முத்திரை பார்த்திருப்பீர்கள், அது வேறு அமைப்பினுடையது, கூடை பாய்க்கு அது வராது.

மகள் கொடுத்த காசில் அந்தக் கூடையைப் பின்னியவளுக்கு ஒழுங்கான பங்கு போயிருந்தால் அது கூடின விலை இல்லை. நம் சந்தையில் கிடைக்கும் கூடை மலிவு என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஏன் மலிவு என்பதை அடுத்த கடிதத்தில் பாருங்கள்.

அக்கா, என் மாமி பனையோலைப் பெட்டி இழைப்பார். மூடியோடு, சாயம் போட்டு, அவ்வளவு வடிவாக இருக்கும். ஒன்றுக்கு எல்லாமாக 6 மணித்தியாலம் போகும். டவுனில் ஒரு கடைக்காரர் ஒன்றை 600 ரூபாய்க்கு எடுக்கிறார். மாமி சந்தோசமாகத்தான் கொடுக்கிறார், 'சும்மா இருக்கிற நேரத்தில் இழைக்கிறதுதானே' என்கிறார். இது சரியான விலையா? — வாசகி, களுவாஞ்சிக்குடி

இல்லை தங்கச்சி. இந்தக் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன், 'சும்மா இருக்கிற நேரம்' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் மனம் நின்றுவிட்டது.

என்னுடைய பெரியம்மாவும் பெட்டி இழைத்தவர்தான். குருத்தோலையை வெயிலில் போட்டு வெளிறவைத்து, ஈர்க்கைக் கழற்றி, ஒரே அகலத்தில் வாராக வார்ந்து எடுப்பார். கத்தி நுனியை ஓலையில் குத்தி, மற்றக் கையால் ஓலையை இழுப்பார், கத்தி அசையாது, ஓலைதான் நகரும். வார் ஒன்று அகலமாகவும் ஒன்று ஒடுக்கமாகவும் வந்தால் பெட்டி கோணிவிடும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் அவரோடு கதைக்கக்கூடாது. வலது பெருவிரல் ஓரம் மரத்துப்போய்க் கொம்பு மாதிரி இருக்கும். இழைக்கும்போது பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர், ஓலை காய்ந்தால் விரலை நனைத்துத் தடவிக்கொள்வார். அது சும்மா இருந்த நேரம் இல்லை, உங்கள் மாமி இழைக்கும் நேரமும் சும்மா இருக்கிற நேரம் இல்லை.

கணக்குப் போடுவோம். நீங்கள் எழுதியபடி ஒரு பெட்டிக்கு எல்லாமாக 6 மணித்தியாலம். ஊரில் ஒரு பெண்ணுக்கு நாட்கூலி 2000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 8 மணித்தியால வேலைக்கு. அப்படியென்றால் மணித்தியாலத்துக்கு 250, ஆறுக்கு 1500. ஓலைக்கு 200, சாயத்துக்கும் விறகுக்கும் 100, பஸ் காசில் ஒரு பெட்டிக்கு விழும் பங்கு 50. மொத்தம் 1850 ரூபாய். இது லாபம் சேர்க்காத விலை.

இப்போது திருப்பிப் போடுங்கள். கடைக்காரர் கொடுத்த 600இல் செலவு 350ஐக் கழித்தால் மிச்சம் 250. ஆறு மணித்தியாலத்துக்கு. மணித்தியாலத்துக்கு 42 ரூபாய்கூட வரவில்லை. அந்தக் காசுக்கு மாமியை யாரும் களை பிடுங்கக் கூப்பிட முடியாது, ஆனால் இதைவிட நுட்பமான வேலையை அந்தக் கூலிக்கு வாங்கிவிடுகிறார்கள்.

'1850க்கு யார் வாங்குவார்' என்று கேட்பீர்கள், எனக்கும் தெரியும், நாளைக்கே அந்தக் கடைக்காரர் அந்த விலை தரமாட்டார். அதனால் மாமியைச் சண்டைக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஒரு கொப்பி வாங்கிக்கொடுங்கள். ஓலை வாரத் தொடங்கிய நேரம், பெட்டியை முடித்த நேரம், ஓலைக்குக் கொடுத்த காசு, பழுதாய்ப்போன பெட்டி எல்லாவற்றையும் ஒரு மாதம் எழுதட்டும், எழுத வராவிட்டால் நீங்கள் எழுதுங்கள். பிறகு எந்த உருப்படி கூடின நேரம் தின்கிறது, எதில் ஓரளவு மிஞ்சுகிறது என்று தெரியும். சிலவேளை பெரிய பெட்டியை விட்டுவிட்டுச் சின்ன மூடிப்பெட்டி, பாத்திரம் வைக்கும் வட்டத் தட்டு என்று மாறினால் காசு கூடலாம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரருக்கு நேரே விற்கும்போது முழு விலையைச் சொல்லுங்கள். கணக்கைக் காட்டிச் சொன்னால் பலர் கொடுப்பார்கள், என் அனுபவம் அது.

கொழும்பில் ஒருவர் எங்கள் பெண்கள் குழுவிடம் 200 பன்பாய் (பன் புல்லில் இழைக்கும் பாய்) கேட்கிறார், ஒன்றரை மாதத்தில். பாய் கைக்கு வந்து விற்ற பிறகுதான் காசாம். எடுக்கலாமா? — வாசகி, அட்டாளைச்சேனை

இந்த நிபந்தனையில் எடுக்காதீர்கள். மேலே சொன்ன உலக நியாய வர்த்தக அமைப்பின் விதியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: கைவினைப் பொருளுக்கு ஓடர் கொடுப்பவர், செய்பவர்கள் கேட்டால், குறைந்தது பாதிக் காசையாவது வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுக்கவேண்டும். காரணம் எளிது. பன் வெட்டவும் காயவைக்கவும் சாயம் அவிக்கவும் கையில் காசு வேண்டும், அது இல்லாவிட்டால் நுண்கடன் எடுப்பீர்கள், பிறகு பாய் விற்ற காசு வாராந்தக் கட்டுக்காசுக்கே போய்விடும். கடன் நம் பக்கத்துப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் குழுவுக்கு இது நடந்தது. ஒரு கண்காட்சிக்கென்று சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்கள், காசு எட்டு மாதம் கழித்து வந்தது, அதுவும் பாதிச் சாமான் 'பழுது' என்று கழித்து. கையெழுத்து வைத்த ஒரு துண்டுகூட எங்களிடம் இல்லை. அந்த எட்டு மாதத்தில் இரண்டு பேர் இழைப்பதையே விட்டுவிட்டார்கள், அந்தக் கைகள் திரும்பி வரவில்லை.

அவரிடம் பாதி முன்பணம் கேளுங்கள். 200க்குப் பதில் 40இல் தொடங்குவோம் என்று சொல்லுங்கள். எத்தனை பாய், என்ன அளவு, எந்தத் திகதி, பழுது என்றால் யார் பார்த்து முடிவெடுப்பது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். உண்மையாக வேலை செய்கிறவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

கடையில் 'மருதமுனைக் கைத்தறி' என்று கொடுத்த சாரி உண்மையில் கைத்தறிதானா என்று எப்படிப் பார்ப்பது? — வாசகி, கல்முனை

கரையில் சின்ன ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று சொல்வார்கள். அதை மட்டும் நம்பவேண்டாம், மெசின் துணியிலும் துளை வரும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் அது அச்சடித்ததில்லை, நெய்தது என்று தெரியும், ஆனால் மெசினும் நெய்யும்தானே. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கையால் அடித்து நெய்யும்போது ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில் விழாது, அதனால் இழை சில இடத்தில் நெருங்கியும் சில இடத்தில் கொஞ்சம் விலகியும் தெரியும்.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. கல்முனையிலிருந்து மருதமுனை எத்தனை தூரம்? போய்த் தறியடியிலேயே வாங்குங்கள். 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி தாராளமாக வந்து நாடெங்கும் கைத்தறிக்காரரை விழுத்தியது, 2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனையைப் பலமாக அடித்தது. அதற்குப் பிறகும் அங்கே தறிச் சத்தம் கேட்கிறது. நெய்தவரைப் பார்த்து வாங்கினால் முத்திரை எதுவும் தேவைப்படாது. வடமேல் மாகாணத்திலும் முன்மாதிரி இருக்கிறது: குருநாகலில் 1991இல் தொடங்கிய செலின் கைத்தறி நிறுவனம் கிராமத்துப் பெண்களை வைத்தே நியாய வர்த்தகச் சான்றோடு வெளிநாட்டுக்கு அனுப்புகிறது.

என் மகளுக்கு 12 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னோடு இருந்து பெட்டி இழைக்கிறாள். சிறுவர் தொழில் என்று யாரும் சொல்வார்களா? — வாசகி, ஏறாவூர்

பயப்படாதீர்கள். அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து பழகுவது வேறு, எண்ணிக்கைக்காகப் பிள்ளையை இருத்துவது வேறு. நம் நாட்டில் வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது 2021இலிருந்து 16. படிப்பு, விளையாட்டு, நித்திரை மூன்றும் குறையாமல் விருப்பத்தோடு இழைத்தால் அது கலை பழகுவது. 'நாளைக்குப் பத்துக் கொடுக்கவேண்டும், நீயும் இரு' என்று சொல்லத் தொடங்கும் நாளில் நிறுத்திவிடுங்கள்.

கம்பளம் நெய்யும் தறிகளில் பிள்ளைகள் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்துத்தான் இந்தியாவில் சிறுவர் உரிமைக்காகப் போராடும் கைலாஷ் சத்யார்த்தி 1994இல் 'ரக்மார்க்' முத்திரையைத் தொடங்கினார், இப்போது அதன் பெயர் 'குட்வீவ்'. ஒவ்வொரு கம்பளத்துக்கும் ஓர் இலக்கம், அதை வைத்து எந்தத் தறி என்று தேடிப்போகலாம், தறிகளைச் சொல்லாமல் போய்ப் பார்ப்பார்கள். அவருக்கு 2014இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எங்களைப் போலச் சண்டையில் எல்லாம் இழந்து, கைவேலையால் எழும்பிய பெண்கள் வேறு நாட்டில் இருக்கிறார்களா? — வாசகி, வாகரை

இருக்கிறார்கள் அக்கா. வங்காளதேசத்தில் 1971 யுத்தம் முடிந்து புருசனை இழந்த பெண்கள் ஏராளம். 1973இல் 'ஜூட் வேர்க்ஸ்' என்று ஓர் அமைப்பு தொடங்கியது. சணல்தான் அந்த நாட்டில் மலிவு, அந்தச் சணலில் அவர்கள் முதலில் செய்து விற்றது என்ன தெரியுமா? உறி. நம் குசினியில் தயிர்ச்சட்டி தொங்கிய அதே உறி. அங்கே 'சிக்கா' என்கிறார்கள். வீட்டில் எல்லாப் பெண்ணுக்கும் தெரிந்த வேலையாக இருந்ததால் யாருக்கும் புதிதாகப் பழக்கத் தேவைப்படவில்லை. வெளிநாட்டில் அதைப் பூச்சாடி தொங்கவிட வாங்கினார்கள்.

ருவாண்டாவில் 1994இல் நூறு நாளுக்குள் ஏறக்குறைய எட்டு லட்சம் பேரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவரின் மனைவியும், கொன்றதற்காகச் சிறைக்குப் போனவனின் மனைவியும் ஒரே ஊரில் இருக்கவேண்டிய நிலை. அந்தப் பெண்கள் ஒன்றாகக் குந்தியிருந்து 'அகசெகே' என்ற கூம்பு மூடிக் கூடையைப் பின்னத் தொடங்கினார்கள். அதைச் சமாதானக் கூடை என்கிறார்கள், நாட்டின் இலச்சினையிலேயே அந்தக் கூடை இருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் மேசிஸ் என்ற பெரிய கடை அதை விற்பனைக்கு எடுத்தது. பக்கத்தில் இருப்பவளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாத நாளிலும் கையில் கூடை இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வரும். வாகரையில் இருக்கிற உங்களுக்கு அது எப்படிப்பட்ட பெறுமதி என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் உம்மம்மாவோடு பன்பாய் இழைக்கிற ஆட்கள் எல்லாம் முடிந்துபோனார்கள். எனக்குப் பழக ஆசை. ஊரில் ஒரே ஒரு மூத்தவர் இருக்கிறார், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. — வாசகி, ஒலுவில்

கூச்சப்படாமல் இந்தச் சனிக்கிழமையே போங்கள் தங்கச்சி. வெறுங்கையோடு போகாமல், காயவைத்த பன் ஒரு கட்டு நீங்களே கொண்டுபோங்கள். முதல் நாள் அவர் கையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். வேண்டாம் என்று சொன்னாலும், எழும்பி வரும்போது அவர் உங்களுக்காக ஒதுக்கிய அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு நாட்கூலிக் கணக்கில் காசை எண்ணிக் கையில் வைத்துவிட்டு வாருங்கள்.