வாகைப் பலகையில் டீப்பாய்

கேள்வி: எங்கள் வயல் வரப்பில் நின்ற வாகை ஆடிக்காற்றில் சாய்ந்துவிட்டது. அடிமரத்தை அறுவை மில்லில் கொடுத்து, நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு பலகை எடுத்திருக்கிறேன். விளிம்பைச் சதுரிக்காமல், மரத்தின் வளைவு தெரியும்படி டீப்பாய் செய்ய ஆசை. அறுத்து நான்கு மாதமாகிறது. ஒரு முனையில் வெடிப்பு ஓடியிருக்கிறது. பொங்கலுக்குள் முடித்துவிடலாமா? பட்டையை விட்டுவைக்கலாமா? எந்தப் பூச்சு நல்லது?
- ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: வருகிற பொங்கலை மறந்துவிட்டு, அதற்கு அடுத்ததற்கும் அடுத்ததை மனத்தில் வையுங்கள். நிழலில் காயும் பலகைக்கு அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காயுமே என்று முற்றத்தில் போட்டால், மேல்புறம் மட்டும் உலர்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, வெடிப்புதான் நீளும். காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் ஒன்றரை அடிக்கொரு ரீப்பர் கட்டையை அடியில் வைத்துக் கிடத்தி, இரு முனைகளிலும் பழைய பெயின்டோ உருக்கிய மெழுகோ பூசிவிடுங்கள். மாதம் ஒருமுறை பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மூன்று மாதம் எடை குறையாமல் நின்றால் இழைப்புளியை எடுக்கலாம்.

பட்டையை எடுத்துவிடுங்கள். காயக் காய அது தானே கழன்றுவிடும் என்பதோடு, அதற்கடியில்தான் வண்டு குடியிருக்கும். மழுங்கிய உளியால் நெம்பி, தேங்காய் நாரால் தேய்த்தாலே விளிம்பின் வளைவு கெடாது. வாகையின் நடுவைரம் கரும்பழுப்பாகவும் ஓரத்து வெளிமரம் வெளிறியும் இருக்கும். அழகு அந்த இரண்டும் சேரும் கோட்டில்தான். ஆனால் உளுத்துப்போவதும் அந்த வெளிமரமே என்பதால், போரிக் அமிலமும் வெங்காரமும் (போராக்ஸ்) கரைத்த நீரை அங்கே இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். இழைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்; வாகைத் தூள் ஏறினால் தும்மல் நிற்காது.

வெடிப்பை மறைக்க வேண்டாம், பிடித்து நிறுத்தினால் போதும். உடுக்கை வடிவில் ஒரு தேக்குத் துண்டை, அதன் இழை வெடிப்புக்குக் குறுக்காக ஓடும்படி, பாதிக் கனத்துக்குப் பதித்து ஒட்டுங்கள்.

கால்களைப் பொருத்துவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டடி அகலப் பலகை ஐப்பசி அடைமழையில் விரிந்து, பங்குனி வெயிலில் சுருங்கும். கால் அங்குலம் வரைகூட அசையும். நான் ஒருமுறை வேப்பம்பலகையை இரும்புச் சட்டத்தில் இறுக்கி முடுக்கிவிட்டேன். சித்திரை இரவில் பட்டென்று கேட்ட சத்தத்துக்கு வீடே எழுந்தது. ஆகவே சட்டத்தில் துளையை வட்டமாக இடாமல், அகலவாக்கில் நீளமாக இட்டு, திருகாணி நகர இடம் விடுங்கள்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்சு பாலிஷ் பார்க்க அழகுதான்; ஆனால் சூடான காபி டவராவை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். டீப்பாய்க்கு பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் உகந்தது. 80, 120, 180 என்ற எண் வரிசையில் உப்புத்தாளை இழையோட்டத்தில் தேய்த்து, மழையில்லாத நாட்களில் மெல்லியதாக மூன்று பூச்சுக் கொடுங்கள். அடிப்புறத்துக்கும் அதே மூன்று பூச்சு வேண்டும், இல்லையேல் பலகை ஒருபுறமாக வளைந்துவிடும். ஆளிவிதை எண்ணெய்தான் பிடிக்கும் என்றால் தாராளமாகப் பூசலாம். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்ட பிறகே எறியுங்கள்.