காலா கோடா: ஒரு நாளில் எவ்வளவு பார்க்கலாம்?

வணக்கம்.

அடுத்த மாதம் நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும் ரயிலில் மும்பை சிஎஸ்எம்டியில் வந்து இறங்குகிறோம். மகள் நன்றாக வரைவாள். அங்கே கலைக்கூடங்கள் நிறைந்த காலா கோடா பகுதிக்கென்று ஒரு திங்கட்கிழமையை ஒதுக்கியிருக்கிறேன். 15 இடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று கையில் இருக்கிறது. அத்தனையையும் பார்த்துவிட முடியுமா? எங்கே தொடங்குவது?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

முதலில் நாளை மாற்றுங்கள். திங்கட்கிழமை தேசிய நவீன கலைக்கூடத்துக்கு விடுமுறை. ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் கண்காட்சிகள் பெரும்பாலும் செவ்வாயில் தொடங்கி அடுத்த திங்களில் முடியும். கடைசி நாள் பிற்பகல் போனால் ஓவியங்களைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் கெனெசத் எலியாஹூ ஆலயத்துக்குள் போக முடியாது. ஞாயிறன்று பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களை நிறுத்திவைக்கும் 'மெகா பிளாக்' தொல்லை. புதனோ வியாழனோ நல்லது.

15 இடங்களும் வேண்டாம். உள்ளே போய்ப் பார்க்க நான்கு போதும், மற்றவை தெருவில் நின்று பார்க்க வேண்டியவை. 1860களில் பம்பாய்க் கோட்டையின் மதிலை இடித்தார்கள். அப்போது கிடைத்த நிலத்திலும் அதை ஒட்டியும்தான் இந்தப் பெரிய கட்டடங்கள் எழுந்தன. ராம்பார்ட் ரோ என்ற தெருப்பெயர் அந்த மதிலால் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொன்றும் ஏன் அங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

காலை பத்தேகாலுக்குச் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரஹாலயா அருங்காட்சியகத்தின் வாசலில் இருங்கள். டாக்சிக்காரரிடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்ற பழைய பெயரையே சொல்லலாம். ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்தது. முதல் உலகப்போரின்போது ராணுவ மருத்துவமனையாக இருந்துவிட்டு, 1922 ஜனவரியில்தான் அருங்காட்சியகமாகத் திறந்தது. உள்ளே நுழையும் முன் கல்லைப் பாருங்கள்: சாம்பல் நிறம் குர்லா கல், வெளிர்மஞ்சள் மலாட் கல். இந்த மலாட் கல்லைப் பிறகு டேவிட் சசூன் நூலகத்தின் முகப்பிலும் உங்கள் மகள் அடையாளம் கண்டுகொள்வாள்.

மூன்று மணி நேரம் இங்கேயே செலவிடுங்கள். பலரும் எல்லாத் தளங்களையும் ஓட்டமாகச் சுற்றிக் களைத்துவிடுகிறார்கள். சிற்பங்களில் தொடங்குங்கள். கர்நாடகத்தின் ஐஹொளெயிலிருந்து வந்த கூரைப்பலகைச் சிற்பங்கள், சிந்து மாகாணத்தின் மீர்பூர் காஸ் பௌத்த தூபியிலிருந்து வந்த சுடுமண் உருவங்கள், இரண்டையும் தவறவிடாதீர்கள். கூரைப்பலகைகள் அண்ணாந்து பார்ப்பதற்காகச் செதுக்கப்பட்டவை. இங்கே கண்மட்டத்தில் கிடைப்பது வரைகிறவர்களுக்குப் பெரும் வாய்ப்பு. அடுத்து நுண்ணோவியங்கள். நிறம் வெளுக்காமலிருக்க அங்கே வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். சில நிமிடம் கண் பழகட்டும், அதன்பின் பத்துப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அருகில் நின்று பாருங்கள். நேரம் மிஞ்சினால் டாட்டா சகோதரர்கள் சேர்த்த சீன, ஜப்பானியப் பொருட்கள்.

சாப்பாட்டுக்குப் பின் ஜஹாங்கீர். 1952இல் திறந்தது, கட்டணம் இல்லை. பல நாட்களில் ஓவியரே கூடத்தில் இருப்பார், மகள் தயங்காமல் பேசட்டும். வெளியே நடைபாதையிலும் ஓவியர்கள் இருப்பார்கள். உருவப்படம் வரையச் சொல்வதாக இருந்தால், உட்காருவதற்கு முன்பே விலையைப் பேசிவிடுங்கள். நவீன கலைக்கூடத்தில் நிரந்தரக் காட்சியை எதிர்பார்க்க வேண்டாம். கண்காட்சி மாறும் இடைவெளியில் அரங்குகள் மூடியிருக்கலாம், முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். 1884இல் கட்டிய யூத ஆலயத்துக்குப் புகைப்பட அடையாள அட்டையின் அசல் வேண்டும்.

காலா கோடா என்றால் கருங்குதிரை. தெருவில் நிற்கும் கருங்குதிரையைப் பழைய சிலை என்று நினைத்துவிடாதீர்கள். அது 2017இல் வைத்தது. ஏழாம் எட்வர்டைச் சுமந்த பழைய குதிரையை 1965இல் அகற்றினார்கள், இப்போது பைகுலா உயிரியல் பூங்காவில் இருக்கிறது. வாட்சன் ஹோட்டல், 1896இல் பிரான்சின் லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் திரையிடப்பட்ட இடம். இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்த இரும்புச் சட்டகத்தில் நிற்கிறது. பழுதான கட்டடம், வெளியிலிருந்தே பாருங்கள்.

நான்கரைக்கு ஓவல் மைதானத்துக்குப் போய்விடுங்கள். ராஜாபாய் மணிக்கூண்டுக் கோபுரமும் உயர்நீதிமன்றமும் மேற்கு பார்த்தவை, அந்நேரம் வெயில் நேராக முகப்பில் விழும், வளைவுகளின் ஆழம் தெரியும். காலையில் அதே முகப்பு நிழலில் கிடக்கும். திரும்பி நின்றால் எதிர்வரிசையில் ஆர்ட் டெக்கோ என்ற இருபதாம் நூற்றாண்டுக் கட்டடப் பாணியில் குடியிருப்புகள். இரண்டும் சேர்த்துத்தான் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

பெட்டிகளை சிஎஸ்எம்டி பொருள் காப்பறையில் விடலாம். பூட்டிய பெட்டியும் பயணச்சீட்டும் கேட்பார்கள், பூட்டு எடுத்துவர மறக்காதீர்கள்.